நல்ல காற்று வீசும் நிலத்தில் பழைய இறக்கைகள்

தமிழ்நாட்டில் காற்று மிக நன்றாக வீசும் நிலம், மிகக் குறைவாக மின்சாரம் தரும் இயந்திரங்களின் கையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களின் கிழக்கே மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று, இந்தியாவிலேயே மின் உற்பத்திக்கு மிகவும் ஏற்ற காற்றுகளில் ஒன்று. இந்த இடங்களைத் தொழில்துறையினர் 1990களிலேயே கண்டுகொண்டார்கள். அதனால் முப்பந்தலிலும் கயத்தாறிலும் பல்லடம், உடுமலை வட்டாரங்களிலும் முதல்தரமான இடங்களை அந்தக் காலத்துச் சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டன. அவற்றில் பல 225 அல்லது 250 கிலோவாட் திறன் மட்டுமே கொண்டவை. இன்றைய பெரிய இயந்திரங்களோ இரண்டாம்தர இடம் தேடி மானாவாரி நிலத்துக்கும் மேய்ச்சல் காட்டுக்கும் போகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். புதிய நிலத்தைத் தேடுவதற்கு முன்னால், கடலுக்குள் தூண் நடுவதற்கும் முன்னால், பழைய காற்றாலைகளை அகற்றி அதே நிலத்தில் புதியவற்றை நிறுவுவதுதான் மாநிலத்தின் தூய மின்சாரக் கொள்கையில் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதைப் பார்த்தால்தான் மாற்றும் வழியும் தெரியும். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு முன்னோட்டமாகச் சில காற்றாலைகளை நிறுவியது. அடுத்த பத்தாண்டில் தனியார் முதலீடு பெருகியது. அதைத் தூண்டியது மின்சாரத்தின் விலை மட்டும் அல்ல, வருமான வரிச் சலுகையும்தான். காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி அன்று இருந்தது. பிறகு அது 80 விழுக்காடானது, 2012இல் நிறுத்தப்பட்டது, 2014இல் திரும்ப வந்தது, 2017இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. லாபம் வந்த ஆண்டில் வரியைக் குறைக்க ஒரு காற்றாலை வாங்கிப் போடுவது கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து ஆலைகளுக்கு நியாயமான கணக்காக இருந்தது. மின்வெட்டுக் காலத்தில் சொந்த மின்சாரமும் கிடைத்தது. அந்த ஆலை முதலாளிகளை நான் குறை சொல்லவில்லை. இந்தியாவின் காற்றாலைத் தொழிலை வளர்த்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் அரசின் சலுகை இயந்திரத்தை நிறுவியதற்குக் கிடைத்ததே தவிர, அது தந்த யூனிட்டுக்குக் கிடைக்கவில்லை. யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்ற திட்டம் 2009 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் நல்ல இடங்களில் பெரும்பாலானவை நிரம்பிவிட்டன. சிறு இயந்திரங்களும் பல்லாயிரம் உரிமையாளர்களும் துண்டு துண்டான நிலமும் அந்தச் சலுகைக் காலம் விட்டுச்சென்றவை.

அந்த இயந்திரங்களுக்கும் இன்றைய இயந்திரங்களுக்கும் உள்ள இடைவெளி சாதாரணமானது அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. தரையிலிருந்து உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் கூடுகிறது. பழைய இயந்திரத்தின் கோபுரம் பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டர். இன்று 100 மீட்டருக்கும் மேலே இறக்கை சுற்றுகிறது. இறக்கை வட்டத்தின் விட்டம் அன்று 30 மீட்டரை ஒட்டியிருந்தது, இன்று 140 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த வட்டம் காற்றை மறிக்கும் பரப்பு இருபது மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. 250 கிலோவாட் இயந்திரம் ஒன்று ஆண்டு முழுவதும் தன் திறனில் சராசரியாக 15 விழுக்காடு உற்பத்தி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 லட்சம் யூனிட் தரும். 3 மெகாவாட் இயந்திரம் நல்ல இடத்தில் 30 விழுக்காடு தந்தால் அது 79 லட்சம் யூனிட். திறனைப் பார்த்தால் பன்னிரண்டு பழைய இயந்திரங்களுக்கு ஒரு புதியது சமம். மின்சாரத்தைப் பார்த்தால் இருபத்துநான்குக்குச் சமம். மாநிலத்தில் இத்தனை ஆயிரம் மெகாவாட் காற்றாலை இருக்கிறது என்று பெருமையோடு சொல்லும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது உண்மை. நெடுங்காலம் கையில் இருந்த முதலிடம் குஜராத்துக்குப் போனதும் உண்மை. என் கவலை அந்த இடத்தைப் பற்றியது அல்ல. இருக்கிற காற்றிலிருந்து எடுக்கக்கூடியதில் பெரும்பகுதியை நாம் எடுக்கவில்லை என்பதே கவலை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம், பழையதை அகற்றி அதே இடத்தில் புதியதை நிறுவும் இந்தப் புதுப்பிப்புக்குத் தமிழ்நாட்டில் 7,000 மெகாவாட்டுக்கு மேல் உரியது என்று மதிப்பிட்டிருக்கிறது.

இவ்வளவு ஆதாயம் கண்ணுக்குத் தெரிந்தும் உரிமையாளர்கள் ஏன் மாற்றவில்லை? பழைய இயந்திரத்துக்கான கடன் அடைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அது தருவது கொஞ்சமே என்றாலும் பராமரிப்புச் செலவு போக வருவதெல்லாம் வரவு. அதைவிட முக்கியமானது பேங்கிங் என்று எல்லோரும் சொல்லும் சேமிப்பு வசதி. காற்றுக் காலத்தில் மின்வாரியத்தின் கம்பியில் அனுப்பிய யூனிட்டுகளைக் காற்று இல்லாத மாதங்களில் ஆலை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு நிறுவிய காற்றாலைகளுக்கு இந்த வசதி கிடையாது என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. ஆகவே, இயந்திரத்தை மாற்றினால் பழைய உரிமை நிலைக்குமா, போய்விடுமா என்பதுதான் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி. இதில் சிறு சந்தேகம் இருந்தாலும் அவர் பழையதைத் தொட மாட்டார். 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த புதுப்பிப்புக் கொள்கை காகிதத்தோடு நின்றதற்கும், 2023 டிசம்பரில் அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட வேண்டி வந்ததற்கும் இத்தகைய தயக்கம் ஒரு காரணம். தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டில் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. புதுப்பித்தல், சீரமைத்தல், ஆயுள் நீட்டிப்பு ஆகிய மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் அது கொண்டுவந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மெகாவாட் கணக்கில் வளர்ச்சிக் கட்டணமும் விதித்தது. உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. கம்பிகளையும் துணை மின் நிலையங்களையும் வலுப்படுத்த வாரியத்துக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் புது இயந்திரத்துக்குக் கடன் வாங்கும் நேரத்தில் அந்தப் பணத்தை முன்கூட்டிக் கேட்பது திட்டத்தையே முடக்கிவிடும். கூடுதலாக விளையும் யூனிட்டிலிருந்து ஆண்டுதோறும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

பணத்தைவிடக் கடினமான முடிச்சு நிலத்தில் இருக்கிறது. காற்றாலைகளுக்கு இடையே இறக்கை விட்டத்தைப் போல ஒரு திசையில் ஐந்து மடங்கும் மறு திசையில் ஏழு மடங்கும் இடைவெளி விடுவது வழக்கம். 140 மீட்டர் விட்டம் என்றால் ஏறத்தாழ 700 மீட்டருக்கு 980 மீட்டர். முப்பந்தல் போன்ற இடத்தில் இந்தச் செவ்வகத்துக்குள் பத்துப் பதினைந்து காற்றாலைகள் இருக்கும். அவை ஈரோட்டு ஆலை ஒன்றுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கும் யாரோ ஒரு தனிநபருக்கும் சொந்தமாக இருக்கும். ஒவ்வொருவரும் தம் ஓரிரு ஏக்கரில் தனியாகப் புதுப்பிக்கவே முடியாது. ஒருவர் மறுத்தால் மற்றவர்களின் திட்டமும் நின்றுவிடும். சந்தை தானாகவே இதைத் தீர்த்துக்கொள்ளும் என்று காத்திருந்து முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலச் சிதறல் அரசின் சலுகையால் உண்டானது. அதைச் சேர்த்துவைக்கும் பொறுப்பும் அரசுக்கே உண்டு. டென்மார்க் இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. சிறு காற்றாலையை அகற்றுகிறவருக்கு ஒரு சான்று கொடுத்தார்கள். புதிதாகப் பெரிய இயந்திரம் நிறுவுகிறவர், கூடுதல் விலை பெற வேண்டுமானால் அந்தச் சான்றை வாங்கியாக வேண்டும். 2001 முதல் 2003 வரை சுமார் 1,500 பழைய இயந்திரங்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்தவை முந்நூறுக்கும் குறைவு, மொத்தத் திறனோ இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தின் உரிமையாளர்களை ஒரே நிறுவனத்தின் பங்குதாரர்களாக்கி, அவரவர் கடந்த ஐந்தாண்டு சராசரி உற்பத்தியின் விகிதத்தில் பங்கு கொடுக்கலாம். பழைய சராசரி அளவுக்குப் பழைய சேமிப்பு உரிமை தொடரட்டும். அதற்கு மேல் விளைவதை ஏல விலையில் வாரியம் வாங்கிக்கொள்ளட்டும். 2016இல் தமிழ்நாட்டில் காற்று மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 4.16 ரூபாய். அடுத்த ஆண்டே வாரியம் நடத்திய ஏலத்தில் அது 3.42 ரூபாய்க்கு இறங்கியது. வாரியத்துக்கு மலிவான மின்சாரம், ஆலைக்கு உரிமை இழப்பில்லாத பங்கு என்று இருவருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு இது.

மிக வலுவான மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வருகிறது. இப்போது உற்பத்தியாகும் காற்று மின்சாரத்தையே சில இரவுகளில் ஏற்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள், இரட்டிப்பாக்கி என்ன பயன் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் கம்பியின் பாதுகாப்பாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைத்தது தொடர்பான வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆவணங்களை ஆராய்ந்து, பெரும்பகுதி நிறுத்தத்துக்குக் கட்டமைப்பின் பாதுகாப்பு காரணம் இல்லை, வணிகக் கணக்கே காரணம் என்று கண்டு, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உண்மையாகவே இடம் இல்லாத இரவுகளும் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாகத் தென்னகம் தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. அதற்கு முன் நம் காற்று மின்சாரத்துக்குத் தென் மாநிலங்களைத் தாண்டிப் போக அகலமான பாதை இல்லை. கரூர் அருகே புகளூரில் வந்து முடியும் 6,000 மெகாவாட் கம்பி, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து மின்சாரம் கொண்டுவருவதற்கு மட்டும் போடப்பட்டது அல்ல. தெற்கில் காற்று மிகும்போது வடக்கே அனுப்பவும் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அதோடு சேமிப்பும் வேண்டும். ஆனைமலையின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மிகுதியான மின்சாரத்தைக் கொண்டு கீழணைத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது அதன் வேலை. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நிலையத்துக்கு வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மாநிலத்தின் எரிசக்தித் துறையில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தாமதம் இதுதான். போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு அணைகள் ஏற்கெனவே இருக்கின்றன, புது அணை கட்ட வேண்டியதில்லை. மலையில் புது நீர்த்தேக்கம் கேட்கும் திட்டங்களுக்கு நான் ஆதரவாளன் அல்ல. சோலையையும் புல்வெளியையும் மூழ்கடித்துக் கரியை மிச்சம் பிடிப்பது சரியான கணக்காகாது. மின்கலங்களும் இன்று எட்டாத விலையில் இல்லை. 2022இல் மத்திய அரசு நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒரு மெகாவாட் மின்கலத் தொகுப்புக்கு மாத வாடகை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. 2025க்குள் அதே அளவு தொகுப்புக்குக் கேட்கப்பட்ட தொகை மூன்று லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்னொரு பக்கம், காற்று மிகும் இரவில் அனல் மின் நிலையங்கள் தாழ்ந்து கொடுக்க வேண்டும். நிலக்கரி அலகுகள் தம் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி ஓடப் படிப்படியாகத் தயாராக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறை சொல்கிறது. இங்குள்ள பழைய அலகுகளை அதற்கேற்ப மாற்றும் செலவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும், அணையாத உலைக்காக இறக்கைகளை நிறுத்திவைக்கும் ஆண்டாகவே கழிகிறது.

காற்று ஐந்து மாதப் பொருள், உச்சத் தேவை வருவதோ கோடையில் என்று இன்னொரு மறுப்பு உண்டு. இதையும் மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோது காற்றுக்காலம் முழுமையாகத் தொடங்கியிருக்கவில்லை. கோடைப் பகலுக்குச் சூரிய மின்சாரமும், கோடை மாலைக்கு மின்கலமும் நீரேற்று நிலையமும்தான் பதில். காற்றாலை அந்த வேலைக்கு வராது. ஆனால் பருவநிலைக்கு ஆண்டு முழுவதும் எரித்த கரியின் கூட்டுத்தொகைதான் கணக்கு, ஒரு நாளின் உச்சம் அல்ல. 2022 ஜூலை 9 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 12 கோடி யூனிட் தந்தன. அனல் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. காற்றுக்காலத்தில் இந்த உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், தால்சேரிலிருந்து ரயிலேறிப் பாராதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் கரியில் பெரும் பகுதி அந்த மாதங்களில் தேவைப்படாது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் வந்து படியவும் செய்யாது. மேலும், பருவக்காற்று சூரியனோடு சேர்ந்து மறைவதில்லை. மின் சந்தையில் விலை உச்சவரம்பான பத்து ரூபாயை நெருங்கும் மாலை வேளையிலும் அது வீசுகிறது. ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடன் சுமக்கும் வாரியம் இதற்கெல்லாம் எங்கே போகும் என்று கேட்பவர்கள் இந்த மாலை விலையையும் பார்க்க வேண்டும். புதுப்பிப்புக்கான முதலீடு வாரியத்துடையது அல்ல, உரிமையாளருடையது. கடலுக்குள் நிறுவும் காற்றாலைத் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, குஜராத்திலும் தமிழ்நாட்டிலுமாக 1,000 மெகாவாட்டுக்கு 6,853 கோடி ரூபாய் உதவித்தொகை ஒதுக்கியது. நம் கடலில் இன்னும் ஓர் இறக்கைகூடச் சுற்றவில்லை. அந்த முயற்சி வேண்டாம் என்பதல்ல. சாலையும் கம்பியும் ஏற்கெனவே இருக்கும் நிலத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு உதவி கிடைத்தாலே பல மடங்கு மின்சாரம் விளையும்.

இயந்திரங்கள் பெரிதாவதால் பறவைகளுக்கும் ஊர்களுக்கும் என்ன ஆகும் என்பது புறந்தள்ளக்கூடிய கேள்வி அல்ல. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980களில் நெருக்கமாக நட்ட ஆயிரக்கணக்கான சிறு காற்றாலைகள் பொன்னிறக் கழுகுகளைக் கொன்று குவித்ததாகப் பெரும் பழியைச் சுமந்தன. அங்கே பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு எடுத்த முடிவும் குறைந்த எண்ணிக்கையில், உயரமான இயந்திரங்களாக மாற்றுவதுதான். இடத்தேர்வு சரியில்லை என்றால் புதிய இயந்திரமும் பறவையைக் கொல்லும். ஆகவே இங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் முன்கூட்டியே பறவை ஆய்வு நடத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். வீடுகளிலிருந்து 500 மீட்டர் தூரம் என்ற வழிகாட்டுதலைத் தளர்த்தச் சொல்லி வரும் எந்தக் கோரிக்கையையும் ஏற்கக் கூடாது. ஊராட்சிகளுக்கும் ஒரு பங்கு போக வேண்டும். முப்பது ஆண்டுகளாகத் தலைக்கு மேல் இறக்கை சுற்றும் ஊர்களுக்கு, அந்த மின்சாரத்தால் கிடைத்தது பெரும்பாலும் காவலாளி வேலையும் தார்ச்சாலையும்தான். கூடுதல் உற்பத்தியில் யூனிட்டுக்குச் சில காசுகள் ஊராட்சிக் கணக்கில் சேர்ந்தால், காற்றாலை ஊருக்கு அந்நியமாக நிற்காது. கழற்றிய இயந்திரத்தின் இரும்பையும் செம்பையும் உருக்கிவிடலாம், கண்ணாடியிழை இறக்கைகளை உருக்க முடியாது. ஜெர்மனியில் அவற்றை நொறுக்கிச் சிமென்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் சேர்க்கிறார்கள். தாழையூத்திலும் அரியலூரிலும் சூளைகள் இருக்கின்றன. அகற்றும் பொறுப்பை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதிவைத்தால், இறக்கைகள் கண்மாய்க் கரையில் குவியாது.

அரசு இதை மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு துணை மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதில் இணைந்துள்ள ஒவ்வொரு காற்றாலையின் வயது, திறன், ஐந்தாண்டு உற்பத்தி, நில உரிமை ஆகியவற்றைப் பொதுவில் வெளியிடட்டும். அந்த விவரங்கள் வாரியத்தின் கணக்குப் புத்தகங்களிலேயே இருக்கின்றன. 2024இல் மின்வாரியத்தைப் பிரித்து உருவாக்கிய பசுமை ஆற்றல் கழகம், உரிமையாளர்களை ஒரு மேசைக்கு அழைத்துப் பங்கு விகிதத்தைப் பேசி முடிக்கட்டும். பழைய சேமிப்பு உரிமை எந்த அளவுக்குத் தொடரும் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் ஒரே உத்தரவில் எழுத்தில் கொடுக்கட்டும். அடுத்த காற்றுக்காலம் முடிந்ததும், அக்டோபரில், பழைய இயந்திரங்களைக் கழற்றும் வேலையைத் தொடங்கலாம். காற்று ஓய்ந்திருக்கும் மாதங்கள் என்பதால் அதனால் ஆகும் உற்பத்தி இழப்பும் குறைவாகவே இருக்கும்.